தறிக்குழியும் சோளக்குழியும்

பாட்டன் பாட்டி வாழ்ந்த வீட்டைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் திண்ணையில் தொடங்கி, முற்றத்தைக் கடந்து, ஊஞ்சலில் வந்து அமர்வது வழக்கம். அத்தகைய வீடு நமக்கு வாய்க்கவில்லை. நம் தந்தையைப் பெற்றவர்கள் சென்னிமலையில் தறி நெய்தவர்கள். தாயைப் பெற்றவர்கள் சென்னிமலைக்குத் தெற்கே, காங்கேயம் செல்லும் வழியில், மேட்டாங்காட்டில் வெள்ளாமை செய்தவர்கள். அக்குடும்பமும் மூன்று தலைமுறைக்கு முன் தறியை விட்டு நிலத்திற்குப் போன குடும்பமே. தறி வீட்டில் ஊஞ்சல் தொங்க வேண்டிய உத்திரத்தில் தறியின் கயிறுகள் தொங்கின. தோட்டத்து வீட்டிலோ ஊஞ்சலில் அமர ஒருவருக்கும் பொழுது இருந்ததில்லை. அவ்விரண்டு வீடுகளிலும் நம் நினைவில் நிலைத்தவை தரைக்கு மேல் இருந்தவை அல்ல; தரைக்குக் கீழ் இருந்த இரண்டு குழிகளே.

இவற்றை இப்பொழுது எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற தை மாதம், சென்னிமலை வீட்டில் இன்று குடியிருக்கும் நம் சிற்றப்பா மகன் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, தரைக்குக் கல் பதிக்கப் போறமுங்க. தறிக்குழியை மூடிரலாங்களா?" என்று கேட்டார். இருபது ஆண்டுகளாகத் தறி ஓடாத குழி அது. உரிமையுள்ளவர் அவர், கேட்காமலே மூடியிருக்கலாம். கேட்டார் என்பதனாலேயே நமக்கு உடனே விடை கூற இயலவில்லை. "மாசியில் நேரில் வருகிறோம்" என்று மட்டும் சொல்லி வைத்தோம்.

தறி வீடு

தறி வீட்டை வீட்டுக்குள் தறி இருந்த இடம் என்று கருதுவது பிழை. தறிக்காகக் கட்டிய வீட்டின் மிச்சத்தில் மனிதர் குடியிருந்தனர் என்பதே பொருந்தும். தெருப்பக்கம் அகலம் குறைவு. உள்ளே நீளம் மிகுதி. நுழைந்தவுடன் இருந்த நீண்ட அறையின் முக்கால் பாகம் தறிக்கும் பாவுக்கும் உரியது. மீதியில் ஒரு மரப்பெட்டி, ஒரு குதிர், பாய்ச் சுருள்கள். சமையலுக்குப் பின்கட்டில் ஒரு சார்ப்பு. நாட்டு ஓட்டுக் கூரை. சாணம் மெழுகிய தரை. தலைக்கு மேலே அட்டாலி. அங்கே பழைய அச்சுகளும் விழுதுகளும் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். எலி கடித்துவிடுமே என்ற கவலை அரிசியைவிட அவற்றின் மீதே அதிகம் இருந்தது.

அந்த வீட்டுச் சன்னல் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருந்தது. அயலூர் விருந்தினர் அதைப் பார்த்து நகைப்பதுண்டு. நின்றுகொண்டு பார்ப்பவருக்கு அது குனிந்து பார்க்க வேண்டிய சன்னல்தான். குழியில் காலை விட்டுத் தரை மட்டத்தில் அமர்ந்து நெய்பவருக்கோ அறுந்த இழையைக் காட்டும் வெளிச்சம் அந்த உயரத்தில்தான் வர வேண்டும். அமர்ந்தவர் கண்ணை அளந்து வைத்த சன்னல் அது.

குழி இரண்டரை அடி ஆழம் இருக்கும். அதன் விளிம்பில் நம் அப்பாரு அமர்வார். கால்கள் உள்ளே மிதியின் மேல் இருக்கும். ஒரு மிதியை அழுத்தினால் பாவின் ஒரு பாதி எழும்பி மறு பாதி தாழும். இடையில் நாடா ஓடும். பலகை வந்து ஊடையை அடித்துச் சேர்க்கும். குழியில் தறி அமைத்த முன்னோர் காரணமின்றி அவ்வாறு செய்யவில்லை. மரச் சட்டங்களின் செலவு குறைகிறது, தறி ஆடுவதில்லை, இவை இரண்டும் எளிதில் விளங்குபவை. மூன்றாவது காரணம் ஈரம். பருத்தி இழை காய்ந்தால் அறும்; ஈரக்காற்றில் வலுப்பெறும். மண்ணுக்கு அருகே கிடக்கும் பாவுக்கு மண்ணின் குளிர்ச்சி கிடைக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வீசும்போது கதவைச் சாத்திக் குழியைச் சுற்றி நீர் தெளித்துவிட்டே அப்பாரு தறியில் அமர்வார். பின்னாளில் நாம் ஒரு நூற்பாலையைப் பார்க்கச் சென்றபோது, அறையின் ஈரத்தை நிலைநிறுத்தப் பெரிய இயந்திரங்களை வைத்திருப்பதைப் பெருமையுடன் காட்டினர். நமக்கு அப்பாருவின் செம்பு நினைவுக்கு வந்தது.

சிறு வயதில் நமக்கு அப்பாருவின் முகத்தைவிட அவர் பாதங்கள் நன்கு தெரியும். பாவுக்கு அடியில் தவழ்ந்து சென்று குழியின் மறுமுனையில் ஒண்டிக்கொள்வோம். மேலே நூல் கூரை. எதிரே இடமும் வலமுமாக மாறி மாறி இறங்கும் இரண்டு பாதங்கள். வலது பெருவிரலில் மட்டும் கல்போன்ற காய்ப்பு. பகலில் அது நம் அரண்மனை. இரவில் அந்தப் பக்கம் போக மாட்டோம். குழிக்குள் பாம்பு வரும் என்று அப்பத்தா சொல்லி வைத்திருந்தார். பாம்பு ஒருநாளும் வந்ததில்லை. இருட்டில் பிள்ளைகள் குழியில் விழுந்து கால் முறித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே அந்தப் பாம்பு அங்கே குடிவைக்கப்பட்டிருந்தது என்பதைப் பின்னர் அறிந்தோம்.

ஒன்பதரை மைல்

தறியின் ஓசையைப் பற்றி எழுதியவர் பலர். ராட்டையின் ஓசை மெல்லியது. அதனாலேயோ என்னவோ அது ஏட்டில் ஏறவில்லை. தறிக்கு வலப்புறம், சுவரை ஒட்டி, அப்பத்தா அமர்ந்து தார் சுற்றுவார். சங்கத்திலிருந்து வரும் நூல் கழியாக இருக்கும். அதைப் பிரித்து ராட்டையால் தார்க்குச்சியில் ஏற்றினால்தான் நாடாவுக்குள் வைக்க இயலும். ஒரு கழி என்பது 840 கெஜம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை கழி நிற்கிறதோ அதுவே நூலின் நம்பர். ஆகவே 20ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டு என்றால் 20 கழி, 16,800 கெஜம், ஒன்பதரை மைல். ஒரு பவுண்டு ஊடை நூல் தீரும்போதெல்லாம் அப்பத்தாவின் இடக்கை விரல்களுக்கு இடையே ஒன்பதரை மைல் இழை ஓடியிருக்கும். அதில் ஒரு திரி, ஒரு சிம்பு இருந்தாலும் விரல் நின்றுவிடும். அதைக் கிள்ளி முடிந்துவிட்டுப் பிறகே ராட்டை சுழலும்.

அதனோடு அவர் வேலை முடிந்துவிடவில்லை. விடியுமுன் தெருவில் பாவு நீட்டும்போது கஞ்சி காய்ச்சுபவர் அவர். கஞ்சி நீர்த்தால் இழை அறும். தடித்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். பதம் அவர் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் மட்டுமே தெரியும். பழைய பாவு தீர்ந்து புதியது ஏறும்போது, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஓர் இழையோடு ஓர் இழையாக நூற்றுக்கணக்கில் பிணைப்பவரும் அவரே. அப்பாரு நெய்யாத அமாவாசையன்று தறிக்கு ஓய்வு உண்டு, ராட்டைக்கு இல்லை. மறுநாளுக்குத் தார் வேண்டுமே!

சங்கத்தின் கூலிப் புத்தகத்தை நாம் இன்றும் வைத்திருக்கிறோம். முதற்பக்கத்தில் உறுப்பினர் பெயர் என்ற இடத்தில் அப்பாருவின் பெயர். ஒவ்வொரு பக்கத்திலும் நூல் பெற்ற எடை, துணி கொடுத்த எண்ணிக்கை, கூலி, பிடித்தம், கையொப்பம். அப்பத்தாவின் பெயர் அதில் எங்கும் இல்லை. இதை எவர் மீதும் குறையாகக் கூறவில்லை. அக்காலத்தில் தறிக்கு ஒரு பெயர் என்பதே முறையாக இருந்தது. கேட்டிருந்தால் அப்பத்தாவே சிரித்திருப்பார். 2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளரும் துணைத் தொழிலாளருமாக 35 இலட்சத்திற்கு மேற்பட்டோர் கணக்கில் வந்தனர். அவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். அதைப் படித்தபோது அந்தப் பழைய புத்தகத்தை எடுத்து மறுபடியும் ஒருமுறை புரட்டினோம்.

பாவு உண்ட அரிசி

நெசவாளர் வீட்டில் ஆண்டுதோறும் வரும் இடர் ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தெருவில் பாவு நீட்ட இயலாது. கஞ்சி காயாது. சில ஆண்டுகளில் குழிக்குள் நீர் ஊறித் தறியே நின்றுவிடும். தறி நின்றால் கூலி நின்றது என்று பொருள். அந்த மாதங்களை ஒட்டிக் கழிக்க உதவியது தோட்டத்து வீட்டிலிருந்து வரும் சோளம்.

1965, 1966 ஆகிய ஆண்டுகளை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாடு முழுவதும் மழை பொய்த்தது. அரிசி கண்ணுக்கு அரிதாயிற்று. பங்கீட்டில் அமெரிக்கக் கோதுமை வந்தது; அதை என்ன செய்வது என்று அறியாத வீடுகளில் அதையும் கஞ்சியாகவே காய்ச்சினர். உண்பதற்கு அரிசி இல்லாவிட்டாலும் பாவுக்கு அரிசிக் கஞ்சி வேண்டும். கஞ்சியில்லாத பாவு தறியில் நிற்காது. அடுப்பில் அரிசி வேகும் மணம் வரும்; பிள்ளைகள் ஓடிச் சென்று பார்த்தால் அது தெருவுக்குப் போகும் கஞ்சியாக இருக்கும். அப்பத்தா வடித்த நீரில் ஒரு குவளை எடுத்து உப்பிட்டு நமக்குத் தருவார். பிறகு பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். அவ்விரண்டு ஆண்டுகளிலும் பாவு அரிசி உண்டது. நாம் சோளம் உண்டோம். அந்தச் சோளம் எங்கிருந்து வந்தது என்பதே இனிச் சொல்ல வேண்டியது.

தோட்டத்து வீடு

பவானிசாகர் அணை 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது. கீழ்பவானி வாய்க்கால் 124 மைல் ஓடி இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேல் நனைத்தது. நம் அப்பிச்சியின் நிலத்திற்கு மட்டும் அது எட்டவில்லை. வாய்க்காலுக்குத் தென்புறம் மேடு, நீர் ஏறாது. அங்கே வானத்தையும் கிணற்றையும் நம்பிய வாழ்வு. கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடு, அதில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், நான்கு மாடுகள். கவலையில் எருதுகள் பின்னோக்கி நடக்கும். சால் கிணற்றுக்குள் இறங்கும். முன்னோக்கி வந்தால் நீர் கொட்டும். அந்த வடத்தின் கிறீச்சொலியில்தான் அவ்வீட்டில் பொழுது விடியும்.

வீடு பழைய தொட்டிக்கட்டு. அதன் தூண்களையும் நிலைகளையும் குறித்துச் சொல்லலாம். ஆனால் அவை பலரும் அறிந்தவை. அறியாதது வாசலுக்குக் கிழக்கே களத்து மேட்டில் இருந்த சோளக்குழி. இன்று முப்பது வயதுக்காரர் எவரிடமேனும் அதைக் கூறினால் கட்டுக்கதை என்பர். சுக்கான் கலந்த கெட்டி மண்ணில், ஒருவர் மட்டும் இறங்கத்தக்க வாய் வைத்து, உள்ளே பானைபோல் அகன்று செல்லும்படி வெட்டியிருப்பர். அடியிலும் பக்கங்களிலும் சோளத்தட்டும் வைக்கோலும் நெருக்கி அடுக்கி, காய்ந்த சோளத்தைக் கொட்டி, மேலும் வைக்கோல் திணித்து, பலகைக் கல்லால் மூடி, மண் மேவி மெழுகிவிடுவர். மூடியபின் அதன் மேலேயே வண்டி நிறுத்துவார்கள். கள்வன் வந்தால் வீட்டுக்குள் தேடுவானேயன்றி வண்டிக்குக் கீழே தேடமாட்டான்.

இதன் உள்ளிருக்கும் நுட்பம் எளியது. தானியமும் உயிருள்ளது, அது மூச்சு விடுகிறது. அடைத்த குழியில் உயிர்வளி தீர்ந்து கரியமிலவாயு சேர்கிறது. அதில் வண்டும் புழுவும் வாழ இயலாமல் மடிகின்றன. மருந்தும் புகையும் இல்லாமல் ஆண்டுக்கு மேலும் சோளம் நிற்கும். ஓரங்களில் சற்றுப் பூசணம் பிடிக்கும். ஒருவகை வாடையும் வரும். குழிச்சோளம் விதைக்கு ஆகாது. விதைக் கதிரைத் தனியே புகைபடும் இடத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். புழுவைக் கொல்லும் அதே காற்று மனிதனையும் கொல்லும். இதனால்தான் குழியைத் திறப்பதற்கு என்று ஒரு முறை வைத்திருந்தனர். அந்த முறையின் காவலர் நம் அம்மிச்சி.

விளக்கு அணைந்த நாள்

1966ஆம் ஆண்டு புரட்டாசி. நமக்குப் பத்து வயது. ஆடியில் ஒருமுறை திறந்து பாதி எடுத்து, மீண்டும் மூடிய குழி. சென்னிமலை வீட்டிலிருந்து ஆள் வந்திருந்தது. இரண்டு மூட்டை ஏற்ற வண்டி பூட்டி நின்றது. தெற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. மழை வருமுன் எடுத்து மூடிவிட வேண்டும் என்று நம் மாமா பரபரத்தார். காலையில் திறந்த குழியை மாலைவரை ஆறப்போட வேண்டும் என்பது முறை. உச்சிப் பொழுதிலேயே இறங்குவதாக அவர் கூறினார். அம்மிச்சி இசையவில்லை. முடிவில் இரண்டு கட்டளைகளுடன் விட்டார்: விளக்கு இறக்கிப் பார்க்க வேண்டும், இடுப்பில் சேந்துகயிறு கட்டிக்கொள்ள வேண்டும். மாமாவுக்குக் கயிறு சிறு பிள்ளைத்தனமாகப் பட்டது. ஆயினும் தாயை மறுக்கவில்லை.

விளக்கை இறக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. ஓர் அகலை உறியில் வைத்துக் கயிற்றால் இறக்க வேண்டும். முதன்முறை வாயருகிலேயே காற்றில் அணைந்தது. மாமா ஒரு சொல் சொன்னார். நமக்கு முகம் சிவந்தது. மறுபடி ஏற்றி இறக்கினோம். பாதி ஆழம் சென்றதும் சுடர் சிறுத்து, நீலமாகி, இல்லாமற் போயிற்று. மறுபடியும் காற்றுத்தான் என்று எண்ணினோம். எண்ண விரும்பினோம் என்பதே உண்மை. மூன்றாம் முறை ஏற்றக் கேட்டால் இன்னும் என்ன சொல்வாரோ என்ற அச்சம். தொழுவத்திலிருந்து அம்மிச்சியின் குரல் வந்தது: "கண்ணு, வெளக்கு எரியுதா?"

"எரியுதுங்க அம்மிச்சி."

மாமா இறங்கினார். ஒரு கூடை நிரம்பி மேலே வந்தது. இரண்டாவது கூடை வரவில்லை. அம்மிச்சி வாசலுக்கு வந்து மகனைப் பெயர் சொல்லி அழைத்தார். விடை இல்லை. மறுமுறை அழைக்கவில்லை; கயிற்றைப் பற்றிவிட்டார். பண்ணையாளும் வண்டிக்காரரும் ஓடிவந்து சேர்ந்து இழுத்தனர். தலை தொங்க, உதடு கறுத்து, மாமா வெளியே வந்தார். வேப்பமரத்து நிழலில் கிடத்தி விசிறினார்கள். அவர் முதல் மூச்சை இழுத்து இருமும்வரை எவ்வளவு நேரம் சென்றது என்று நமக்குத் தெரியாது. இன்று எண்ணினாலும் அது நீண்டதாகவே இருக்கிறது.

அவர் பிழைத்தார், எண்பது வயது கடந்து வாழ்ந்து, பேரன் பேத்தி கண்டு மறைந்தார். தம்மைக் காத்த கயிற்றைப் பற்றிப் பல முறை கூறியிருக்கிறார். விளக்கைப் பற்றி அவருக்குத் தெரியாது. அம்மிச்சிக்குத் தெரியும். அன்று மாலை அவர் உறியை மேலே இழுத்து அகலைப் பார்த்தார். எண்ணெய் நிறைய இருந்தது; திரி பாதிகூட எரியவில்லை. நம்மைப் பார்த்தார். எல்லோரும் உறங்கிய பிறகு நம் தலைமாட்டில் வந்து அமர்ந்து, "அணைஞ்ச வெளக்கை அணைஞ்சதுன்னு சொல்லோணும் சாமி" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பிறகு ஒருநாளும் அதை எடுத்ததில்லை. எவரிடமும் சொன்னதும் இல்லை.

மறுநாள் அந்த இரண்டு மூட்டைச் சோளம் சென்னிமலைக்குப் போயிற்று. அவ்வாண்டு தீபாவளிக்கு முன் அப்பாரு நெய்த போர்வை ஒன்று தோட்டத்திற்கு வந்தது. அளவில் சற்று நீண்டது, கரையில் சிவப்பு. இதற்கு அது ஈடு என்று எவரும் கணக்கிட்டதில்லை. ஆயினும் சம்பந்தி வீடுகள் இரண்டும் ஒன்றன் கணக்கை மற்றொன்று நன்கு அறிந்தே இருந்தன என்று இப்பொழுது தோன்றுகிறது.

மூடிய குழிகள்

சோளக்குழி எழுபதுகளின் நடுவில் கைவிடப்பட்டது. சாக்கு மூட்டையும், தகரக் குதிரும், சங்கத்துக் கிடங்கும் வந்தபின் அதற்குத் தேவை இல்லை. அதன் மறைவுக்கு நாம் வருந்தவில்லை. ஓர் உயிரைக் கேட்ட குழி அது. எனினும் உழவர் உறுப்பினர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைவிட்ட குழிகள் பல நிரப்பப்படாமலே கல் மூடிக் கிடக்கின்றன. நம் மாமா மக்கள் களத்தில் டிராக்டர் நிறுத்தியபோது ஒருநாள் பின்சக்கரம் ஒரு சாண் இறங்கிற்று. பழைய வேப்பமரத்தின் அடிக்கட்டையிலிருந்து எட்டுத் தப்படி கிழக்கு என்பது நம் நினைவில் இருந்தது. தோண்டினால் கல் அங்கேயே இருந்தது. வீட்டில் முதியவர் இருக்கும்போதே குழியிருந்த இடத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. மூடிக் கிடந்த குழி, கிணறு, தொட்டி எதனுள்ளும் விளக்கை மட்டும் நம்பி இறங்குவதும் கூடாது. சுடர் எரிகின்ற காற்றிலும் வேறு நச்சு இருக்கலாம் என்பது இன்று அறிந்த செய்தி. வெளியே ஆள் நிறுத்தாமல், கயிறு கட்டாமல் இறங்கவே கூடாது. ஒருவர் மயங்கி விழுந்தால் அவரை எடுக்க அடுத்தவர் குதிப்பதால்தான் இரண்டு உயிர்கள் போகின்றன.

சொன்னபடி மாசியில் சென்னிமலைக்குப் போனோம். குழியை மூட வேண்டாம் என்று சொல்லவே எண்ணிச் சென்றோம் என்பதை ஒளிக்கவில்லை. தூரத்தில் இருப்பவர்க்கு அவ்வாறு சொல்வது எளிது. சிற்றன்னைக்கு வயது எண்பத்து நான்கு; இரவில் இரண்டு முறை எழுகிறார்; பார்வை மங்கிவிட்டது. குழியின் மேல் போட்டிருந்த பலகை ஆடுகிறது. கார்த்திகையில் ஒருமுறை அவர் கால் தடுக்கி, நல்லகாலமாகச் சுவரைப் பற்றிக்கொண்டார். தம்பி இதைத் தொலைபேசியில் கூறவில்லை. நேரில் வந்து பார்க்கட்டும் என்று இருந்துவிட்டார். அந்தக் குழிக்கு அப்பத்தா குடிவைத்த பாம்பு இப்பொழுது சிற்றன்னைக்கு உதவாது. மூடிவிடுங்கள் என்றோம்.

மூடுமுன் தம்பியின் மகள் அளவுகளை எடுத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். கல்லூரியில் படிக்கும் பெண், படமும் வரைந்தாள். குழியைக் கூட்டியபோது உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளும், ஒரு தார்க்குச்சியும், பிடி தேய்ந்த ஒரு நாடாவும் கிடைத்தன. கொத்தனார் இரண்டு வண்டி மண் வேண்டும் என்றார். ஒன்றரை வண்டியிலேயே குழி நிரம்பிவிட்டது.

தரை முடிந்தபின் சுவருக்கு வண்ணம் பூச ஆள் வந்தார். தறிக்கு வலப்புறச் சுவரில், தரையிலிருந்து இரண்டு முழ உயரத்தில், தட்டு அகலத்திற்கு ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. அப்பத்தா ராட்டையருகே சாய்ந்து அமர்ந்த இடம். தலை எண்ணெய் ஊறிய கறை. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்தும் சில மாதங்களில் அது மேலே வந்துவிடும். சுவரைக் கொத்திப் புதிதாகப் பூசினாலொழியப் போகாது என்று வண்ணம் பூசுபவர் கூறினார். தம்பி நம்மைப் பார்த்தார். நாம் வாய் திறக்குமுன் தம்பியின் மனைவி உள்ளிருந்து, "அந்தச் செவுத்தை உட்டுருங்க, மத்ததை அடிங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினார்.